பாட்டின்கண் நிறுத்தம்: பூம்பாறைத் திருப்புகழ் வழி ஓர் ஆராய்ச்சி

ஒரு பாட்டினை ஓதுவோர் எவ்விடத்து மூச்சினை விடுதல் வேண்டும் என்பது மிகச் சிறிய வினாவாகத் தோன்றும். ஆயினும், அவ்வினாவிற்கு விடை பிழைபடின் பாட்டின் பொருளும் உடன் பிழைபடும். ‘விட்டகலாதிருவினை’ என ஒரு தொடர் ஒரு செய்யுளின்கண் வருவதாகக் கொள்க. ‘விட்டு அகலாது இருவினை’ என்பதே அதன் பொருட்பிரிவு. நல்வினை தீவினை என்னும் இரண்டும் உயிரை விட்டு நீங்கா என்பது கருத்து. அத்தொடரே சீர் நோக்கி ‘விட்டகலா திருவினை’ என அச்சிடப்பட்டு, ஓதுவோரும் அவ்விடைவெளியில் நின்று ஓதுவாராயின், கேட்போர் செவியில் விழுவது ‘திருவினை’ என்னும் சொல்லேயாம். நீக்கற்பாலதாகிய கட்டு, போற்றற்பாலதாகிய திருத்தொண்டாக மாறிவிடும். ஓரெழுத்தும் கூடவில்லை, ஓரெழுத்தும் குறையவில்லை. நிற்குமிடம் ஒன்றே மாறியது. அம்மாற்றத்தாற் சித்தாந்தமே தலைகீழாயிற்று.

இதனாற் பாட்டின்கண் இருவகை நிறுத்தம் உண்டென்பது பெறப்படும். ஒன்று ஓசை பற்றியது; மற்றொன்று பொருள் பற்றியது. ஓசை நிறுத்தம் அசை, சீர், அடி, தாளம் என்பவற்றின் எல்லையில் வருவது. பொருள் நிறுத்தம் சொல், தொடர், வாக்கியம் என்பவற்றின் எல்லையில் வருவது. இவ்விரண்டும் ஒருங்கு பொருந்துமிடத்து ஓதுவோர்க்கு இடர்ப்பாடு இல்லை. மாறுபடுமிடத்து எதனைப் பற்றி எதனை விடுவது என்பதே வினா. தமிழ்ச் செய்யுள் மரபும் திருமுறை ஓதும் மரபும் இவ்வினாவிற்கு எவ்வாறு விடை கண்டன என்பதும், அவ்விடை அருணகிரிநாதர் திருப்புகழில் எங்ஙனம் அமைந்து கிடக்கின்றது என்பதும் ஈண்டு ஆராயப்படும். அவ்வாராய்ச்சிக்குப் பழனி மலைத் தொடரிலுள்ள பூம்பாறைத் தலத்துத் திருப்புகழ் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

பூம்பாறை, கோடைக்கானலுக்கு மேற்கே மலைச்சரிவில் அமைந்த சிற்றூர். படிப்படியாகச் சரித்த வயல்களும் வெள்ளைப்பூண்டு விளைவும் இவ்வூரின் அடையாளங்கள். இவ்வூர்க் கோயிலில் முருகப்பெருமான் குழந்தை வேலப்பர் என்னுந் திருப்பெயரோடு எழுந்தருளியுள்ளார். அருணகிரிநாதர் இங்கு வந்து இரவிற் றுயின்றபோது தீங்கு செய்ய வந்த ஓர் அரக்கியினின்றும் அவரைக் காக்க இறைவன் குழந்தை வடிவாய் அருகிருந்தான் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்ததென்றும் ஊரார் கூறுவர். இது செவிவழிச் செய்தி. நூற்சான்றாக நிற்பது ‘மாந்தளிர்கள்’ எனத் தொடங்கும் திருப்புகழ் ஒன்றே. அதன்கண் ஊர்ப்பெயர் ‘பூம்பறை’ எனக் குறுகி நிற்றல் கருதத்தக்கது. அக்குறுக்கத்தின் காரணம் பின்னர் விளங்கும்.

நிறுத்தம் பற்றிய தமிழ்க் கொள்கை மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்களுட் பல, ஓசை ஓடுவதையும் நிற்பதையும் அளவையாகக் கொண்டு வகுக்கப்பட்டனவேயாம். அறுத்தறுத்துச் செல்வது அகைப்பு வண்ணம். இடையறாது ஓசையொழுக நடப்பது ஒழுகு வண்ணம். அடியெல்லையைக் கடந்து ஓடி, அராகத் தொடையோடு விரைவது முடுகு வண்ணம். இன்னும் நுட்பமானவை அகப்பாட்டு வண்ணமும் புறப்பாட்டு வண்ணமும் ஆம். முடிந்திருந்தும் முடியாததுபோல நிற்பது முன்னையது. முடியாதிருந்தும் முடிந்ததுபோல நிற்பது பின்னையது. செவிக்கு முடிவு வேறு, கருத்திற்கு முடிவு வேறு என்பதனை இலக்கணமுடையார் அன்றே கண்டு, அவ்வேறுபாட்டினைக் குற்றமாகக் கொள்ளாது வண்ணமாகக் கொண்டமை இதனாற் புலனாகும். அன்றியும், உயிர் தன் அளவிறந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் இசைநூலுக்குரியன என்று எழுத்ததிகாரத்து நூன்மரபின் இறுதியில் ஆசிரியர் குறித்தார். ஆதலின் இயற்றமிழின் மாத்திரையும் இசைத்தமிழின் மாத்திரையும் ஒன்றல்ல என்பதும் அவர்க்கு உடன்பாடாம்.

பிற்கால யாப்பு நூலார், சொல்லின் எல்லை நோக்காது அசையும் சீரும் கெடாவண்ணம் பிரித்தலை ‘வகையுளி’ என்றனர். ‘குழந்தை வேலப்பர்’ என்னுந் திருப்பெயர் ஒரு செய்யுளுள் ‘குழந்தைவே லப்பர்’ என நிற்பின் அது வகையுளியாம். அலகிடுவார்க்கு அப்பிரிவு இன்றியமையாதது. ஓதுவார்க்கு அஃது ஆகாது. வகையுளி அலகிடுதற்கு ஏற்பட்ட பிரிவேயன்றி நாவிற்கு ஏற்பட்ட நிறுத்தமன்று என்னும் வேறுபாட்டினை மறந்தமையே பிற்காலத்துப் பிழைகள் பலவற்றிற்கும் வித்தாயிற்று. இதற்கு மறுதலையாக, ஓசைக்கெனவே அமைந்த உண்மை நிறுத்தங்களும் யாப்பின்கண் உள. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியிறுதியில் வருந் தனிச்சொல் அவற்றுள் ஒன்று. அச்சுநூல்களில் அதன் முன் ஒரு சிறு கோடிடுதல் வழக்கம். மெய்கண்டார் சிவஞானபோதத்து எடுத்துக்காட்டு வெண்பாக்களை ஓதுவார் அக்கோட்டின் அருமையை அறிவர். முன்னிரண்டடியிற் கூறிய பொருளையும் பின்னிரண்டடியிற் கூறும் பொருளையும் இணைக்குங் கீலாகப் பலவிடத்து அத்தனிச்சொல் நிற்கும்.

வடமொழியாளர் இந்நிறுத்தத்தை ‘யதி’ என்பர். மந்தாக்கிராந்தை என்னும் விருத்தத்தின் 17 எழுத்துக்களும் 4, 6, 7 எனப் பிரிந்து நிற்கும்; சார்த்தூலவிக்கிரீடிதத்தின் 19 எழுத்துக்களும் 12, 7 எனப் பிரியும். இவ்வெல்லையிற் சொல் முடிதல் வேண்டும் என்பது அவர் விதி. இலத்தீன் மொழியின் ஆறுசீர்க் காப்பிய அடியிலும் நடுவண் சொல் முடிந்து ஓசை அறுதல் மரபு. பிரெஞ்சு மொழியின் பன்னிரண்டசை அடி ஆறும் ஆறுமாக இரண்டாய்ப் பகுபடும். இவற்றோடு ஒப்பிடுங்கால் தமிழின் தனித்தன்மை விளங்கும். அம்மொழிகளின் யாப்பு, நிறுத்தத்திற்குரிய இடத்தை எழுத்தெண்ணி முன்னரே வரைந்து வைத்துச் சொல்லை அதற்கு அடங்கச் செய்தது. தமிழ் யாப்போ, சீர்தோறும் ஓசையெல்லை வகுத்து, அவ்வெல்லையைச் சொல் மீறிச் செல்லவும் இடங்கொடுத்தது. அதனால் தமிழில் நிற்குமிடம் அறிதல் ஓதுவோர் பொறுப்பாயிற்று. ஆசிரியன்பாற் கேட்டறிய வேண்டுவதாயிற்று.

இசைத்தமிழில் இப்பொறுப்பு இன்னும் மிகுதி. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்குநல்லார் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்னும் நான்கு தாள உறுப்புக்களைக் கூறி, அவற்றிற்கு முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை வகுத்தனர். ஒலி எழுவதை மட்டுமன்றி, ஓரொலிக்கும் மற்றோரொலிக்கும் இடைப்பட்ட காலத்தையும் அளந்தாலன்றித் தாளம் அமையாது. இராசராச சோழன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்த செய்தி அக்கோயிற் கல்வெட்டிற் காணப்படுகின்றது. ஐம்பதின்மர் சேர்ந்து ஒரு பதியம் பாடுங்கால் நிற்குமிடம் ஒவ்வொருவர் விருப்பிற்கு விடப்படுமோ? எல்லாரும் ஒருங்கு நிற்றற்கு ஒரு வரையறை இருந்தே தீர்தல் வேண்டும். தேவாரப் பதிகங்கட்குப் பண்ணோடு கட்டளையும் வகுக்கப்பட்டமை அவ்வரையறையின் பயனென்க. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலின் தேவாரவியலில் இக்கட்டளைகளை ஆராய்ந்துள்ளார்.

தாளத்தோடு பாடுதலைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றிப் பண்ணை மட்டும் நிறுத்திப் பொருள் விளங்கப் பாடுதலைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார் மரபு வழங்கும். அப்பரடிகள் அருளிய திருத்தாண்டகங்கள் சுத்தாங்கமாகப் பாடப்பெறும். மேற்கூறிய இருவகை நிறுத்தங்கட்கும் இவ்விருவகைப் பாடுமுறையே உறைவிடமாம். பண்ணாங்கத்தில் நிறுத்தந் தாளத்திற்கு உரியது. சுத்தாங்கத்தில் நிறுத்தம் பொருளுக்கு உரியது. இரண்டனுள் ஒன்றை நீக்கி ஒன்றைக் கொள்ளாது, இரண்டனையும் தத்தம் இடத்தில் வைத்துப் போற்றியதே திருமுறை மரபு கண்ட விடை. ஞானசம்பந்தர் திருத்தருமபுரத்தில் அருளிய யாழ்முரிப் பதிகத்தின் வரலாறும் இவ்விடத்து எண்ணத்தக்கது. அப்பதிகத்தின் இசை தம் யாழிற் கடங்காமை கண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர் அக்கருவியையே முறிக்கப் புக்கார் என்றும், பிள்ளையார் அதனைத் தடுத்தருளினார் என்றும் பெரியபுராணங் கூறும். நரம்பின் அளவிற்கு மிடற்றின் அளவு கட்டுப்படாது என்பது அவ்வரலாற்றினின்றும் இசையாளர் கொள்ளத்தக்க பொருளாம்.

இனிப் பூம்பாறைத் திருப்புகழிற்கு வருதல் தகும். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டினர். விசயநகர வேந்தன் பிரவுடதேவராயன் (1422–1446) அவர் பாடலிற் குறிக்கப்பட்டமை இதற்குச் சான்று. அவர் பாடியருளியவற்றுள் இன்று கிடைப்பன ஏறத்தாழ 1,300 பாடல்கள். அவற்றின் யாப்பு வண்ணம் எனப்படும். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) வண்ணத்தியல்பு என்னும் இலக்கண நூல் செய்து இதனை விளக்கினர். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்னும் எட்டும் சந்தங்களின் வேர்கள். சந்தங்கள் சில சேர்ந்தது துள்ளல். துள்ளல் மும்முறை மடங்கி, இறுதியில் தொங்கல் என்னும் ஓருறுப்புப் பெற்று முடியும். பூம்பாறைப் பாடலின் சந்தக் குழிப்பு வருமாறு:

தாந்ததன தான தாந்ததன தான தாந்ததன தான தனதான

இக்குழிப்பினை உற்று நோக்கின் ஓருண்மை புலனாகும். துள்ளலைப் பிரித்தால் தாந்த, தன, தான என மூன்று சந்தங்கள் உள்ளன. தொங்கலைப் பிரித்தால் தன, தான என இரண்டே உள்ளன. எனவே தொங்கல் என்பது புதியதோர் உறுப்பன்று. துள்ளலின் தலைச்சந்தமாகிய ‘தாந்த’ என்பதனை ஒழித்து எஞ்சிய பகுதியேயாம். மும்முறை ‘தாந்த’ என வன்மையாக எழுந்த ஓசையைக் கேட்டுப் பழகிய செவி, நான்காம் முறையும் அதனை எதிர்நோக்கும். அஃது எழாமையால் அவ்விடம் வெறுமையாக உணரப்படும். அவ்வுணர்வினாலேயே ‘தனதான’ என்பது முடிவு என்று செவிக்குத் தெரிகின்றது. நிறுத்தம் என்று தனியே ஒரு குறி இடாமலே, ஒரு சந்தத்தைக் குறைத்து நிறுத்தத்தை அமைத்த திறம் இது.

பிறிதொன்றும் நோக்கத்தக்கது. தொங்கலின் ஈற்றெழுத்துக் குறிலாகவும் வரும், நெடிலாகவும் வரும். திருப்புகழ்ப் பாடல்களின் இறுதியிற் பெரும்பான்மையும் நிற்கும் ‘பெருமாளே’ என்னும் விளி ‘தனதான’ என்பதற்கு இலக்காய் நெடிலில் முடிகின்றது. இடையிலுள்ள தொங்கல்களோ பலவிடத்துக் குறிலில் முடிகின்றன. மாத்திரை குறைந்தவிடத்துக் குறைவினை நிரப்புவது நிறுத்தம். நிறைந்தவிடத்து அந்நிறுத்தமே நெட்டோசையாகி நிற்கும். பாடல் முழுதும் தொங்கல்தோறும் சிறிது வெறுமையாக நின்ற காலம், முடிவில் இறைவனை விளிக்கும் ஏகாரத்தால் நிரம்புகின்றது. அடியார்க்கு இதனினும் பொருத்தமான முடிவு வேறில்லை.

இனி, நிறுத்தங்களிடையே ஏற்றத்தாழ்வு உண்டென்பதனை ஊர்ப்பெயரே காட்டும். ‘பூம்பறை’ என்பது பாடலின் இறுதித் துள்ளலின் முதற்கண் நிற்கின்றது. ‘பூம்ப’ என்பது ‘தாந்த’ என்னுஞ் சந்தத்தில் அடங்க, எஞ்சிய ‘றை’ அடுத்த சந்தத்திற் சேர்கின்றது. ஊர்ப்பெயரைப் ‘பூம்பாறை’ என நீட்டின் ‘தாந்தா’ என்றாகிச் சந்தங் கெடும். ஆதலின் ‘பறை’ என்னும் வடிவம் இவ்விடத்து ஓசை வேண்டிய வடிவமாம். செய்யுள் விகாரம் ஆறனுள் குறுக்கல் என்பதற்கு இஃது ஏற்ற இலக்கியமாதலுங் கூடும்; அக்காலத்து ஊர்ப்பெயரே அவ்வாறு வழங்கியிருத்தலுங் கூடும். எங்ஙனமாயினும், ‘பூம்ப’ என்று நின்று பின்னர் ‘றை’ என்று தொடங்குவோர் ஊரையே இரண்டாகப் பிளந்தவராவர். எனவே சந்தத்தின் எல்லை தட்டுதற்குரியது, நிற்றற்குரியதன்று. துள்ளலின் எல்லை இளைப்பாறுதற்குரியது. தொங்கலின் எல்லை நிற்றற்குரியது. இம்மூன்றனையும் ஒன்றாகக் கருதி, ஒவ்வொரு சந்தத்தின்கண்ணும் வெட்டி வெட்டிப் பாடுவோர் சந்தத்தைக் காப்பதாக எண்ணிப் பாட்டை இழக்கின்றனர்.

அருணகிரிநாதர் இப்பாடல்களை எவ்விசையிற் பாடினார் என்பதனை அறிதற்கு வழியில்லை. அவ்விசை வழக்கொழிந்தது. ஏடுகள் எழுத்தை மட்டும் காத்தன. பழைய ஏடுகளிற் சொற்கிடையே வெளியில்லை, புள்ளியும் இடப்பெறுவதில்லை, அடியும் தொடர்ந்து ஓடும். அவ்வாறு சிதறிக் கிடந்த பாடல்களைத் தேடித் தொகுத்தவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை (1846–1909). நீதிமன்ற வழக்கொன்றில் தில்லைத் தீட்சிதர்கள் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டக் கேட்டு அவர் இத்தொண்டிற் புகுந்தார் என்பர். அவர் பதிப்பின் முதற்பகுதி 1894இல் வெளிவந்தது. அவர் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883–1972) குறிப்புரையாலும் ஆராய்ச்சியாலும் அப்பணியை நிறைவேற்றினர். இசையே மறைந்துபோன பாடல்களை அடியடியாகப் பிரித்து அச்சிட இயன்றது எவ்வாறு? சந்தம் பாடலின் எழுத்திலேயே பதிந்து கிடந்தமையாலன்றோ! ஏட்டில் ஓரெழுத்துப் பிழைபட்டிருப்பினும் சந்தம் அதனைக் காட்டிக்கொடுக்கும். பண் மறைந்தது, நிறுத்தம் நின்றது. திருப்புகழிசையில் இன்று எஞ்சியுள்ள ஐயமற்ற பகுதி அந்நிறுத்தமேயாம். பிற்காலத்தில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை போன்ற இசைவல்லார் திருப்புகழை அரிய தாளங்களில் அமைத்து அரங்குகளிற் பாடினர். அவர்கள் புதிய இராகங்களை அமைத்தற்கு அடிப்படையாக நின்றதும் இச்சந்த வரையறையே.

ஆயினும் அச்சு ஒரு நன்மையோடு ஒரு தீமையையும் உடன் கொணர்ந்தது. ஏட்டில் வெளியின்மையால் மாணவன் ஆசிரியன்பால் பாடங் கேட்டே ஓதினான். அச்சில் சீர்தோறும் வெளி விடப்பட்டமையால், அவ்வெளியே நிற்குமிடம் எனக் கருதித் தானே ஓதத் தலைப்பட்டான். யாப்பு அறிதற்கு இட்ட வெளி, நாவிற்கு இட்ட கட்டளையாக மாறியது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்துச் சொல் விளங்க அச்சிட்டன. அவற்றாற் பொருள் எளிதில் விளங்கிற்று. ஆனால், சந்தி பிரித்தவிடத்து எழுத்து மிகுதலால் சீரும் சந்தமும் கண்ணிற்கு மறைந்தன. ஒரு முறை ஓசையைக் காட்டிப் பொருளை மறைக்கின்றது. மற்றொன்று பொருளைக் காட்டி ஓசையை மறைக்கின்றது. தாளிற் பதித்த வடிவம் ஒன்று இரண்டனையும் ஒருங்கு காட்டுதல் அரிது. இரண்டனையும் ஒருங்கு தாங்கவல்லது பயின்ற மிடறு ஒன்றே.

கருநாடக இசையாளர் ‘அறுதி’ என்று ஒன்றனைப் போற்றுவர். ஆதி தாளத்தில் ஐந்தாம் எண்ணிக்கையில், அஃதாவது முதற் றுருதத்தின் தொடக்கத்தில், பாட்டின் முதன்மையான எழுத்தொன்று தாளத்தோடு ஒன்றுபட்டு விழுதல் வேண்டும் என்பது அது. இடையில் எத்துணை நீட்டினும் குறுக்கினும் அறுதியிற் பிழையாமை நல்லிசைக்கு அடையாளம். எடுப்பும் தாளத்தொடக்கமும் ஒன்றாக நிகழ்தல் சமம், பாட்டு முந்துதல் அதீதம், பிந்துதல் அநாகதம். இவற்றுள் அநாகதமாவது பாட்டுத் தொடங்குமுன் தாளத்தில் ஒரு வெறுமையை விட்டுத் தொடங்குவது. அவ்வெறுமையும் பாட்டின் பகுதியே என்பதனை எந்த இசையாளரும் மறார். யோகநெறியிலும் இஃது ஒக்கும். திருமந்திரம் மூன்றாந் தந்திரத்தில் மூச்சினை உள்வாங்குதற்கு 16 மாத்திரையும், நிறுத்துதற்கு 64 மாத்திரையும், வெளிவிடுதற்கு 32 மாத்திரையும் ஓதப்பட்டன. இயங்குங் காலத்தினும் நிற்குங் காலமே மிகுதியாக அளக்கப்பட்டமை காண்க.

இதுகாறும் கூறியவற்றாற் கொள்ளக்கிடப்பது யாதெனின், ஓதுவோர் முதற்கண் பாடலைத் தாளமின்றி, சொற்பொருள் எல்லையில் நின்று நின்று பலகால் ஓதுதல் வேண்டும். அது சுத்தாங்கத்தின் பயிற்சி. பொருள் நெஞ்சிற் பதிந்த பின்னர், சந்தமுந் தாளமுங் கொண்டு, துள்ளலில் இளைப்பாறித் தொங்கலில் நின்று பாடுதல் வேண்டும். அது பண்ணாங்கத்தின் பயிற்சி. இம்முறை மாறிச் சந்தத்தை முதலிற் பயின்றவர்க்குப் பொருள் பின்னர் வந்து சேர்தல் அரிது. பொருளை மட்டும் பயின்று நின்றவர்க்குப் பாட்டு உரைநடையாய்ப் போகும். சிறுவர்க்குத் திருமுறையுந் திருப்புகழும் பயிற்றுவோர் இவ்வொழுங்கினைக் கைக்கொள்வாராயின், ‘இருவினை’ ‘திருவினை’ ஆகும் இழுக்கு நேராது.

பொருளுணர்ந்து சொல்லுவார்க்கே சிவபுரத்துச் செல்லும் பேறு உரியதென்று சிவபுராணம் தன் இறுதியில் வரையறுத்துக் கூறும். சொல்லுதல் நாவின் தொழில்; உணர்தல் நெஞ்சின் தொழில். இரண்டிற்கும் இடைப்பட்டுக் கிடக்கும் சிறு காலமே நிறுத்தம். நாவு ஓய்ந்திருக்கும் அச்சிறு காலத்திலேதான் நெஞ்சு சொன்னதனைக் கைக்கொள்கின்றது. மலையேறிப் பூம்பாறை அடைந்து குழந்தை வேலப்பர் திருமுன் அத்தலத் திருப்புகழை ஓதும் அடியார், தொங்கல்தோறும் அளவாக நின்று, ‘பெருமாளே’ என்னும் விளியில் நிறைவாக முடிப்பாராயின், ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் அருணகிரிநாதர் நின்றவிடத்தே தாமும் நின்றவராவர்.